வெயில் என்று நான் சொன்னது

மார்ச் 3, திங்கள்

பெட்டி பார்க்கிற நாள். பதினோரு வீடு, பதினோரு பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, வெள்ளை நிறம், ஆணியில் மாட்ட ஒரு கயிறு. வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே குறித்துக்கொள்ளும். திங்கள்தோறும் நான் ஏணி ஏறி, அதையெல்லாம் போனில் இறக்கி, மானசாவுக்கு அனுப்ப வேண்டும். மானசா செம்பூர்ப் பெண். காலேஜில் பருவநிலை பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நான் டீச்சராக இருந்த பால்வாடியை மூடிய பிறகு இந்த வேலையைக் கொடுத்தது அவள்தான். பால்வாடி போனாலும், மும்பையில் நாங்கள் குடியிருக்கும் இந்த லேபர் கேம்ப்பில் எனக்கு டீச்சர் என்ற பேர் போகவில்லை.

முழங்கால் விட்டுப்போச்சு. இந்தக் கல்லிச் சந்தில் எல்லா வீடும் ஒரே மாதிரி. கீழே ஒரு அறை, இரும்பு ஏணி, மேலே தகரக் கூரை போட்ட மாளா. படுப்பது, தைப்பது, பிள்ளை படிப்பது எல்லாம் அந்த மாளாவில்தான்.

வெயிலுமுத்து அண்ணாச்சி மாளாவில் மதியம் ஒரு மணிக்கு 41. சொன்னேன். இட்லிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "என் பேர்லயே வெயிலு இருக்கு டீச்சர். என்னையப் போயி அளக்கியளே!" விடியுமுன்னே சைக்கிளில் இட்லி கட்டிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போகிறவர், பதினோரு மணிக்குத்தான் திரும்புவார். குளித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு நேரே அம்மன் கோயில் முன்மண்டபம். ரெண்டு பக்கமும் திறப்பு, காற்று வரும். நாலு மணி வரைக்கும் அசைய மாட்டார். "சாமிக்குப் போட்டியா இவரும் ஒரு செலையாட்டம் கெடக்காரு" என்பாள் பேராச்சி அக்கா, அவர் வீட்டுக்காரி.

சாயந்திரம் எங்கள் ஆட்களின் போன் குரூப்பில் ராஜபாண்டி அண்ணன் ஒரு வாய்ஸ் பேசிப் போட்டிருக்கிறான். என் கூடப் பிறந்தவன். தண்ணி கேன் கடை. குரூப்பில் இருநூற்று நாற்பது பேர். பெரிசுகளுக்கு இந்தி படிக்க வராது, பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் எல்லாமே வாய்ஸ்தான். அதில் இவன் வைத்ததுதான் சட்டம். "ஏ மக்கா, போன எடுத்துப் பாருங்க. மும்பை 34ன்னு போட்டுருக்கு. என் தங்கச்சி பெட்டி 41ங்கு. எது பொய்யி? பூமி சூடாவுதுங்கதே வெளிநாட்டுக்காரன் கட்டிவிட்ட கத. நம்ம தாத்தன் காலத்துல வெயிலே அடிக்கலையா? மாளா மனுசன் இருக்க லாயக்கில்லன்னு எழுதி வாங்கி நம்மளக் கெளப்பத்தான் இந்தப் பெட்டி."

போனில் வருவது எங்கேயோ திறந்த வெளியில், நிழலில் அளந்தது. தகரத்துக்கு அடியில் யாரும் அளக்கவில்லை. அதற்குத்தானே பெட்டியே! நேரில் சொன்னால் "நீ படிச்சவ" என்று கையைத் தட்டிவிட்டுப் போவான். ஆனால் இடத்தை எடுத்துக்கொண்டு எங்களைக் கிளப்பிவிடுவானுவ என்கிற பயம் எனக்கும் இருக்கிறது. அதைப் பொய் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 8, சனி

நாளையிலிருந்து நாலு நாள் கடும் சூடு என்று எச்சரிக்கை. மானசா இங்கிலீஷில் ஒரு பக்கம் அனுப்பி, தமிழில் பேசிப் போடச் சொன்னாள். மூன்று தடவை பேசிப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் ஆகிறது. ரெண்டு நிமிஷம் எவன் கேட்பான்? அண்ணன் நறுக்கென்று அரை நிமிஷத்தில் முடிக்கிறான், ஊரே தலையாட்டுகிறது. நானும் நறுக்கிவிட்டேன்.

"பன்னெண்டு மணிலேருந்து நாலு மணி வரைக்கும் யாரும் வெயில்ல போவாதீங்க. வீட்டுக்குள்ளயே இருங்க. நெறைய தண்ணி குடிங்க."

எழுபது பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். அண்ணனுக்குக்கூட இத்தனை விழுந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, யாரிடம் மறைக்க.

மார்ச் 11, செவ்வாய்

வெயிலுமுத்து அண்ணாச்சி போயிட்டாரு. மாளாவுல.

மார்ச் 12, புதன்

பேராச்சி அக்கா ரெண்டு நாளாக விக்ரோலியில் மகள் வீட்டில் இருந்தாள். நேற்று அஞ்சு மணிக்கு வந்தவள், கதவு சாத்தியிருக்கிறதே என்று திறந்து மேலே ஏறிப் பார்த்திருக்கிறாள். அவள் போட்ட சத்தத்தில் கல்லியே ஓடியது. உடம்பு காய்ந்து, தொட்டால் சுட்டதாம். ஆஸ்பத்திரியில் ஹார்ட் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஏணி வழியாக இறக்க முடியவில்லை. ரெண்டு சேலையில் கட்டி இறக்கினார்கள். கீழே நின்று தோள் கொடுத்தது அண்ணன்தான். அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது, அழுதுகொண்டே இருந்தான். மேலே பெட்டி ஆணியில் அப்படியே தொங்கியது.

இன்று எல்லாம் முடிந்து பொம்பளைகள் உட்கார்ந்திருந்தோம். பேராச்சி அக்கா வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்கிறாள். "தெனமும் கோயிலுக்குப் போற மனுசன், நேத்து மட்டும் ஏன் போவல? மழ பேஞ்சாலும் போவாரே. சொல்லுங்களேன், ஏன் போவல?"

நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

எழுதித்தான் ஆகணும்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு எனக்கு ஒரு வாய்ஸ் வந்தது. குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும். ஒன்பது செகண்டு. "சரி டீச்சர். நீங்க சொன்ன மாதிரி இன்னைக்குக் கோயிலுக்குப் போவல. கதவச் சாத்திட்டு மாளாலயே படுத்துக்கிடுதேன்."

கேட்டேன். கேட்டுட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டேன். போட்டுட்டுக் கீரை வாங்கப் போனேன்.

அந்த மாளாவில் 41ன்னு முந்தின வாரம் எழுதினவ யாரு? நான்தானே. அப்போ எங்கே போச்சு புத்தி? மானசா அனுப்பினதில் இருந்த சொல் சூடு. காற்றோட்டமான இடமாகப் பார்த்து இருக்கச் சொல்லியிருந்தாள். அதை நான் வீட்டுக்குள்ளயே இருங்கன்னு சுருக்கினேன். சூட்டை வெயிலாக்கினேன். எங்க ஊர்ப் பேச்சில் ரெண்டுக்கும் ரெண்டு சொல் இருக்கு. வெயில் வெளியில. வெக்கை உள்ள. வெயில் கூரையோட நின்னுபோவும், வெக்கை நிக்காது. ராத்திரியெல்லாம் 'ஒரே வெக்கையா இருக்கு'ன்னு நான் சொல்லாத நாள் உண்டா? வாய்ஸ் போடும்போது மட்டும் அந்தச் சொல் எங்கே போச்சு?

கோயில் மண்டபத்தில் காத்து வாங்கிக்கொண்டு கிடந்த மனுஷனை எழுப்பி அடுப்புக்குள் போகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. எங்கள் கல்லியில் யாரும் சாயம் தொடவில்லை.

அண்ணன் வாய்ஸ்: "பெட்டி வச்ச வீட்லதான் சாவு விழுந்துருக்கு. யோசிங்க மக்கா. அதுக்குள்ள என்ன எழவு கதிரு இருக்கோ, சூட்டக் கக்குதோ, யாரு கண்டா? கழட்டி அவ வீட்டு வாசல்ல வச்சிருங்க."

இருட்டுமுன்னே ஒன்பது பெட்டி வந்துவிட்டது. பேப்பரில் சுற்றினது, பிளாஸ்டிக் பையில் கட்டினது. ஒன்றைத் தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்திருந்தார்கள், சூடு அடங்கட்டும் என்று. சிரிப்பு வரவேண்டிய விஷயம். வரவில்லை.

பெட்டி எதையும் கக்காது. அதற்கு அளக்க மட்டும்தான் தெரியும். அதை நிரூபிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அப்போது "பின்னே எது கொன்னுச்சு, அவரு ஏன் மாளாவுல கெடந்தாரு" என்று கேட்பான். அதற்கு என் போனில்தான் பதில் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

மிச்சம் ரெண்டு பெட்டியும் நேற்று வந்து சேர்ந்தது, அவர் வீட்டுப் பெட்டியும் அதில் ஒன்று. அதிலிருந்து செவ்வாய்க்கிழமையை இறக்கினேன். பன்னிரண்டுக்கு 40.9. ஒன்றுக்கு 43.2. ரெண்டுக்கு 44.6. மூன்றுக்கு 45.1. நாலுக்கு 44.3.

எந்த வரியில் அவர் உயிர் போனது என்று பெட்டிக்குத் தெரியாது. கீழே ஒரு ஆள் படுத்திருப்பதே அதற்குத் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்க்கிறேன். ஒன்று இருபதுக்குத் தண்ணி குடிக்க எழுந்திருப்பாரா? டீச்சர் சொல்லிட்டாங்கன்னு மறுபடி படுத்திருப்பாரா?

மார்ச் 17, திங்கள்

மாட்டுங்காவில் ஒரு காபிக் கடையில் மானசாவைப் பார்த்தேன். கணக்கைக் காட்டினேன். "இந்த ஒரு சாவை வெச்சு பூமி சூடாறதுன்னு சொல்லக் கூடாதுக்கா, அது தப்பு" என்றாள். "அது நாப்பது அம்பது வருஷக் கணக்கு. ஒரு நாள் சூடு எப்பவும் உண்டு. இப்போ அந்த மாதிரி நாள் கூடிண்டே போறது, ராத்திரியும் ஆற மாட்டேங்கறது. அதைத்தான் நாம சொல்றோம். ஆனா அந்த ரூம்ல மூணு மணி நேரம் 43க்கு மேல. அறுபது வயசு உடம்பு எப்படித் தாங்கும்?"

அப்புறம் ஒன்பது செகண்டைப் போட்டுக் காட்டினேன். காபியை நகர்த்தி வைத்துவிட்டாள். 

"உங்க வாய்ஸ் நானும் கேட்டேன்கா. சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன்."

அவள் நினைத்ததில் தப்பில்லை. செம்பூரில் அவள் வீட்டுக்குள் போனால் குளிர்ச்சி. எனக்கு அந்தச் சாக்கு இல்லை, நான் தகரத்துக்கு அடியில் பிறந்தவள்.

"இதை வெளியில சொன்னா உங்க அண்ணா விடுவாரா? சர்வேயே போயிடும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சொல்லாதீங்கன்னு நான் சொல்லலை" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

அந்த ஒன்பது செகண்டை அழித்துவிடலாம். ஒரு தொடுதல்.

அழிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

மதியம் கோயில் வழியாக வந்தேன். மண்டபத்தில் நாலு பேர் படுத்திருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் அவர் இடம் மட்டும் காலி. யாரும் வேண்டுமென்று விடவில்லை, யாருக்கும் மனசு வரவில்லை போல.

'சரி டீச்சர்.' கடையில் பாக்கிச் சில்லறை தருகிறவன் சொல்கிறான். பழைய பால்வாடிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். எல்லா வாயிலும் அவர் குரல். இந்தப் பேரை வைத்துத்தான் என்னை நம்பினார். வெறும் இசக்கிசெல்வியாக நான் சொல்லியிருந்தால் 'போட்டீ, ஒன் வேலையப் பாரு' என்று கோயிலுக்குப் போயிருப்பார்.

மார்ச் 22, சனி

எதிர்வீட்டு பேகம் அக்கா மதியம் மயங்கி விழுந்துவிட்டாள். மாளாவில் மெஷின் தைத்துக்கொண்டிருந்தவள். ரெண்டு மணிக்கு மகள் அஃப்ஷா பார்த்துக் கத்தினாள். நாலு பேர் பிடித்து இறக்கி, ஈரத்துணி போட்டு, விசிறி, அரை மணி நேரத்தில் கண் திறந்தாள். பிழைத்துவிட்டாள்.

அஃப்ஷாவிடம் கேட்டேன், இந்த நேரத்தில் எதற்கு அம்மாவை மேலே விட்டாய் என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, வீட்டுக்குள்ளயே இருக்கணும்னு? அம்மி அதைக் கேட்டுத்தான் வெளிய வரதே இல்ல. பெட்டியையும் கழட்டியாச்சு, இனிமே டர் இல்ல, பயப்பட வேண்டாம்னு அம்மி சொல்லுச்சு."

என் வாய்ஸ் இன்னும் குரூப்பில் கிடக்கிறது. பதினாலு நாளாக. அண்ணன் பெட்டியைக் கழட்டச் சொன்னான், நான் கதவைச் சாத்தச் சொன்னேன். ரெண்டும் சேர்ந்து வேலை செய்கிறது. அவன் பொய் பேசுகிறான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, என் வாயிலிருந்து வந்தது என்ன?

அழித்தேன். என்னுடையதை. அவருடையதை இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பேராச்சி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

உளுந்து களைந்துகொண்டிருந்தாள். திங்களிலிருந்து இட்லி வியாபாரத்தை அவளே எடுத்துச் செய்யப் போகிறாளாம். உட்காராமலே சொன்னேன். என்னென்னமோ சுற்றி வளைத்து, கடைசியில் ஒரே மூச்சில். "அக்கா, அவரு கோயிலுக்குப் போவாததுக்கு நான்தான் காரணம்." போனை எடுத்து ஒன்பது செகண்டையும் போட்டேன்.

அவள் கை தண்ணிக்குள்ளயே நின்றுவிட்டது. "இன்னொருக்கப் போடு" என்றாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். மூன்று தடவை.

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லா இருந்திருக்கும்.

"இத்தன நாளா எனக்கு டீ ஊத்திக் குடுத்தியே" என்றாள். "அத்தன பேருகிட்டயும் கேட்டேனே. ஒன் முன்னாலதான கேட்டேன்."

போகச் சொன்னாள். வாசல் வரைக்கும் வந்தபிறகு கூப்பிட்டாள். "ஏட்டி. பதினாறு அன்னைக்கு வா. எல்லாரும் இருப்பாவ. அங்க வச்சிச் சொல்லு."

மார்ச் 26, புதன்

பதினாறாம் நாள் விசேஷம் கோயில் மண்டபத்தில். நூறு பேருக்கு மேலே. இலை போடுமுன் பேராச்சி அக்கா என்னைப் பார்த்தாள். எழுந்தேன். 

பெட்டிக் கணக்கைப் படித்தேன். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டிலிருந்து நாலு வரை. அப்புறம் என் வாய்ஸில் நான் என்ன சொன்னேன் என்று சொன்னேன். அப்புறம் அவர் குரல். மண்டபம் பூராவும் கேட்டது. அவர் படுக்கிற தூணுக்குப் பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன், அது அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் எழுந்தான். "அப்ப கொன்னது பெட்டி இல்ல. நீ."

"ஆமா" என்றேன். "நான் சொன்ன சொல்லு. வெக்கைன்னு சொல்ல வேண்டியத வெயிலுன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு, பெட்டி சொன்னது நெசம். என்னத் திட்டுங்க, மூஞ்சில துப்புங்க. ஆனா பெட்டியத் திரும்ப மாட்டுங்க. அந்த நேரத்துல மாளாவுல இருக்காதீங்க. எறங்கி இங்க வந்து படுங்க. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவரு சரியாத்தான் செஞ்சிக்கிட்டிருந்தாரு, நான்தான் கெடுத்தேன்."

யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். யாரோ அவளை உட்காரச் சொல்லு என்றார்கள். அண்ணன் வாயைத் திறந்தான். பேராச்சி அக்கா அவனைப் பார்த்து, "நீயும் உக்காருடே. நீ சொன்னதக் கேட்டுத்தான் பேகம் பெட்டியக் கழட்டுனா. ஒனக்கும் இதுல பங்கு இருக்கு" என்றாள்.

உட்கார்ந்தான். எனக்கும் இலை போட்டார்கள். சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாலு பெட்டி திரும்பப் போயிருக்கிறது. ஏழு என் அலமாரியில். எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பட்டும்.

அண்ணன் வந்தான். நிலைப்படியில் நின்றுகொண்டே பேசினான். "பெட்டியப் பத்திப் போட்டத எடுத்துட்டேன். அது நான் பேசுனது தப்புதான். ஆனா கெளப்பப் பாக்கானுவங்கது தப்பில்ல, கேட்டியா?"

"நானும் தப்புன்னு சொல்லலையே. அதுக்காவ சூடே இல்லன்னு சொல்லுவியா? சூட்டுல செத்தா மட்டும் வீடு நெலைக்குமா?"

 கணக்கெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர் கையிலும் ஒரு நகல் இருக்கும், அவர்களைக் கேட்காமல் யாருக்கும் போகாது என்று மானசாவிடம் எழுதி வாங்கியதைக் காட்டினேன். ரெண்டு தடவை படித்தான். அவன் வீட்டுக்குப் பெட்டி வேண்டும் என்று கேட்கவில்லை. போகும்போது அலமாரியை மட்டும் ஒருமுறை பார்த்தான்.

ஏப்ரல் 19, சனி

பேராச்சி அக்காவிடமிருந்து வாய்ஸ். பதினாறுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவரு பேசுனது எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. கல்யாண வீட்டு போட்டா இருக்கு, கொரலு இல்ல. அத எனக்கு அனுப்பு. பெட்டியவும் குடுத்துவுடு, ஆணி அங்கனதான் இருக்கு."

அஃப்ஷாவிடம் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். குரலை அனுப்பினேன். நான் இரவும் பகலும் ஓடி ஒளிகிற அந்த ஒன்பது செகண்டு அவளுக்குப் புருஷன்.

அக்டோபர் 9, வியாழன்

மழை போன கையோடு வெக்கை. போனில் 35. பேராச்சி அக்கா மாளாவில் 42.

எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியைத் தன் போனிலேயே இறக்கிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டரைக்கு அவள் கல்லியின் அந்தக் கோடியிலிருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறாள். "நாப்பத்திரெண்டு. எறங்குங்க. கோயிலுக்குப் போங்க." பேகம் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு இறங்குகிறாள். என் கதவை மட்டும் தட்டமாட்டாள். வாசலில் கொஞ்சம் நிற்பாள். நானாக வெளியே வந்துவிடுவேன்.

இன்று மூன்றாவது வீட்டு மாளாவில் ஒரு ஆள் இறங்க மாட்டேன் என்றான். சுயம்பு என்று பேர், போன வாரம்தான் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன். "வெளிய கொளுத்துது, உள்ள படுத்தா என்னக்கா? சூடு கீடுன்னு சும்மா பயங்காட்டுதாவன்னு வீடியோல ஒருத்தன் சொன்னான்" என்று மேலேயிருந்தே சத்தம் கொடுத்தான்.

அவள் சண்டை போடவில்லை. ஏணிக்கு அடியில் நின்று போனை மேலே தூக்கிப் பிடித்தாள்.

'சரி டீச்சர். நீங்க சொன்ன மாதிரி இன்னைக்குக் கோயிலுக்குப் போவல. கதவச் சாத்திட்டு மாளாலயே படுத்துக்கிடுதேன்.'

கல்லியில் எல்லாருக்கும் கேட்டது. எனக்கும். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"யாருக்கா அது?" என்றான் மேலேயிருந்து.

"எங்க வீட்டுக்காரரு. செத்துப்போனாரு. எறங்கு."

 அப்புறம் ஒரு பாய் முதலில் வந்து விழுந்தது, பின்னாலேயே அவன் இறங்கினான்.

மண்டபத்தில் இடமில்லை. பாயை வைத்துக்கொண்டு முழித்தவன், காலியாகக் கிடக்கிறதே என்று தூணுக்குப் பக்கத்தில் விரித்துப் படுத்துவிட்டான். நாங்கள் எல்லாரும் பேராச்சி அக்காவைப் பார்த்தோம். அவள் அவனை எழுப்பவில்லை. எனக்கு உட்கார இடம் வேண்டுமென்று தன் பாயைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.